வெடித்த விண்மீன்களும் விண்வெளித் தொலைகாட்டிகளும்

நிலையுள்ளது எது, நிலையற்றது எது என்னும் வினாவை எம் பெரியோர் ஆதிதொட்டு ஆராய்ந்து வந்துள்ளனர். செல்வம் நிலையற்றது, இளமை நிலையற்றது, அரசுகளும் நிலையற்றன. ஆயினும், மண்ணிலுள்ளவை யாவும் மாறினும் விண்ணிலுள்ள மீன்கள் மாறா என்றே உலக மக்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். எமது திருமணங்களிலே அம்மி மிதித்து அருந்ததி காட்டும் வழக்கத்தின் பொருளும் அதுவேயன்றோ? மாறாத அன்புக்கு மாறாத விண்மீனே சாட்சி.

அந்த விண்மீன்களும் பிறந்து, வளர்ந்து, மடிகின்றன என்பதை இன்று நாம் அறிவோம். அவற்றுட் சில பெருவெடியோடு மடிகின்றன. அவ்வெடியிலே சிதறிய பொருள்களிலிருந்தே எம் குருதியிலுள்ள இரும்பும், எம் எலும்பிலுள்ள கல்சியமும் வந்தன. இந்த அறிவு ஒரே நாளில் வந்ததன்று. ஒரே நாட்டிலே பிறந்ததுமன்று. வானை இரவிரவாகக் காத்து எழுதிவைத்தோரும், பெரியோர் நகைத்தபோதும் தம் கணக்கைக் கைவிடாத இளைஞரும், பல்லாண்டு உழைத்துச் செய்த கருவியை ஒரே நாளில் இழந்து மீண்டும் தொடங்கியோரும் சேர்ந்து தேடிய செல்வம் அது. அவ்வரலாற்றை எம் சங்கத்து இளைஞர்க்கும் பெரியோர்க்கும் ஒருங்கே எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பகலிலே தோன்றிய மீன்

1054 ஆம் ஆண்டு யூலை மாதம் 4 ஆந் திகதி. எம் நாட்டிலே பொலன்னறுவையிலிருந்து சோழர் ஆட்சி செலுத்திய காலம் அது. அன்று அதிகாலையிலே, இடப இராசியில் உரோகிணிக்குக் கிழக்கே, முன்பு ஒன்றும் இல்லாதிருந்த இடத்தில் ஒரு புதிய மீன் எழுந்தது. சீன தேசத்துச் சொங் அரசவையிலே வானத்தைக் கவனிப்பதற்கென்றே நியமிக்கப்பட்டிருந்த சோதிடர் அதனைக் கண்டு, நாளையும் திசையையும் எழுதிவைத்தனர். இருபத்துமூன்று நாள்வரை அது பட்டப்பகலிலும் தெரிந்ததென்றும், 1056 ஏப்பிரல் மாதமளவில் கண்ணுக்குப் புலப்படாது மறைந்ததென்றும் அவர்தம் ஏடுகள் கூறுகின்றன. அதே ஒளி எமது வானிலும் எழுந்திருக்கும். ஆனால் எழுதிவைத்தவரின் பெயரே வரலாற்றில் நின்றது.

ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளின் பின், 1731 இல், யோன் பெவிஸ் என்னும் ஆங்கிலேய வைத்தியர் அவ்விடத்திலே மங்கலான முகில் போன்ற ஒன்றைத் தொலைகாட்டியிற் கண்டார். 1758 இல் வால்வெள்ளி தேடிய மெசியே என்னும் பிரெஞ்சு வானியலாரும் அதனைக் கண்டு, தமது அட்டவணையிலே முதலாம் இலக்கத்தை அதற்கு வழங்கினார். பின்னர் அதன் உருவை வரைந்த றொஸ் பிரபு, அது நண்டு போலத் தோன்றியமையால் நண்டு நெபுலா எனப் பெயரிட்டார். 1921 இல், வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த நிழற்படங்களை ஒப்பிட்டபோது, அம்முகில் விரிந்துகொண்டே செல்வது தெரியவந்தது. விரியும் வேகத்தைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டால், ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளின் முன் அது ஒரே புள்ளியாய் இருந்திருத்தல் வேண்டும். 1928 இல் எட்வின் ஹபிள் அதனையும் 1054 ஆம் ஆண்டின் மீனையும் இணைத்துக் காட்டினார். சீனரின் ஏடும் ஐரோப்பியரின் தொலைகாட்டியும் ஒன்றையொன்று கண்டுகொண்ட நாள் அது.

1572 ஆம் ஆண்டு நவம்பர் 11 ஆந் திகதி மாலை, டென்மார்க்கு நாட்டிலே இருபத்தைந்து வயதினரான தைக்கோ பிராகே வட வானிலுள்ள காசியோப்பியா மண்டலத்தில் ஒரு புது மீனைக் கண்டார். தம் கண்ணையே நம்பாது, அருகே நின்ற வேலையாட்களை அழைத்து, அவர்கட்கும் அது தெரிகின்றதா என்று வினாவினார். பின்னர் அது சந்திரனுக்கு அப்பாலுள்ளது என்பதை அளந்து காட்டினார். சந்திரனுக்கு அப்பால் எதுவும் மாறாது என்ற அரிஸ்டோட்டிலின் கோட்பாடு ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டு ஐரோப்பாவை ஆண்டுவந்தது. ஓர் இளைஞன் பொறுமையோடு அளந்த அளவு அதனை அசைத்துவிட்டது.

1604 இல் இன்னொரு மீன் தோன்றியது. பிராக் நகரிலிருந்த கெப்ளர் அதனை ஓராண்டுக்கு மேலாக நோக்கி, 1606 இல் ஒரு நூல் வெளியிட்டார். மிஷன் பாடசாலையிற் பயின்ற நாம், கீழ்த்திசை ஞானியரை வழிநடத்திய பெத்லகேம் விண்மீனின் கதையை மார்கழிதோறும் கேட்டு வளர்ந்தோம். கெப்ளரும் அம்மீனையே நினைந்து, தாம் கண்ட புது மீனோடு அதனை ஒப்புநோக்கி எழுதினார் என்று பின்னாளிற் படித்தபோது எமக்கு வியப்புண்டாயிற்று. பக்தி மிக்க அவர், வானத்தை அளப்பதை இறைவனுக்குச் செய்யும் வழிபாடாகவே கருதினார்.

கலிலியோ தொலைகாட்டியை வானுக்குத் திருப்பியது 1609 இல். அதற்கு ஐந்தாண்டு முன்னரே கெப்ளரின் மீன் தோன்றி மறைந்துவிட்டது! அதன்பின் எமது பால்வீதியில் இத்தகைய வெடிப்பொன்று வெறுங்கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றவேயில்லை. ஆதலின், தீ அணைந்தபின் சாம்பலைக் கிளறி, எரிந்தது எதுவென்று அறிவார் போல, அறிஞர் வெடிப்பின் எச்சங்களையே ஆராயலாயினர். இத்தகைய விண்மீனைச் சூப்பர்நோவா என்பர். நாம் அதனை வெடிமீன் என்றும், அது விட்டுச்சென்றதை வெடியெச்சம் என்றும் இங்கே வழங்குவோம்.

கப்பலிலே ஒரு கணக்கு

விண்மீன் ஏன் வெடிக்கின்றது? இவ்வினாவின் விடையிலே தமிழர் ஒருவரின் கணக்கு அடித்தளமாய் நிற்கின்றது.

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910 இல் லாகூரிலே தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்தார். சேர் சி. வி. இராமன் அவருடைய தந்தையாரின் இளைய சகோதரர். சென்னையில் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர் மாநிலக் கல்லூரியிலும் பயின்ற அவர், 1930 இல் அரசாங்கப் புலமைப் பரிசில் பெற்று, பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அப்பொழுது அவருக்கு வயது பத்தொன்பது. கடற் பயணத்தின்போது, எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறு விண்மீன்களைப் பற்றி அவர் கணக்கிட்டார். சூரியனளவு பொருளைப் பூமியளவு உருண்டைக்குள் அடக்கியவை அவை. ஐன்ஸ்டைனின் சார்புக் கோட்பாட்டையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, அத்தகைய மீனுக்கு ஓர் எல்லை உண்டெனக் கண்டார். சூரியனின் திணிவைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு என இன்று கொள்ளப்படும் அவ்வெல்லையைத் தாண்டினால், அம்மீன் தன் பாரத்தைத் தானே தாங்க மாட்டாது.

1935 ஆம் ஆண்டு சனவரி 11 ஆந் திகதி இலண்டன் வானியற் சங்கக் கூட்டத்திலே இம்முடிவை அவர் எடுத்துரைத்தார். அவரையடுத்து எழுந்தவர் சேர் ஆதர் எடிங்டன். அக்காலத்து வானியலின் தலைசிறந்த பெரியார். அவர் இளைஞரின் முடிவு பொருந்தாதென்றும், விண்மீன் இவ்வாறு நடந்துகொள்ளாதபடி இயற்கையிலே ஒரு சட்டம் இருத்தல் வேண்டுமென்றும் கூறினார். அவை நகைத்தது. இளைஞரின் கணக்கிலே பிழையில்லை என்று அறிந்த அறிஞரும் அன்று வெளிப்படையாக வாய்திறந்தாரில்லை.

சந்திரசேகர் சினந்து திரியவில்லை. தம் முடிவை மாற்றவுமில்லை. அமெரிக்கா சென்று சிக்காகோப் பல்கலைக்கழகத்திலே சேர்ந்து, அதனை ஒரு நூலாக எழுதி முடித்துவிட்டு, வேறு துறைகளில் உழைத்தார். எடிங்டனோடு கொண்ட நட்பையும் அவர் முறித்துக்கொள்ளவில்லை. 1944 இல் எடிங்டன் மறைந்தபோது, அவர்தம் பெருமையை எடுத்துக்கூறி நினைவுரையும் நிகழ்த்தினார். 1983 இல் நோபெல் பரிசு சந்திரசேகரை வந்தடைந்தது. கப்பலிலே கணக்கிட்ட இளைஞருக்கு அப்போது எழுபத்துமூன்று வயது.

அவர் கண்ட எல்லையே விண்மீனின் இரு வகை மரணத்துக்கும் திறவுகோலாகும். சூரியனைப்போல் எட்டு மடங்குக்கு மேற்பட்ட திணிவுள்ள மீன்களின் நடுவிலே, காலப்போக்கில் இரும்பு திரண்டு ஒரு கருவாகின்றது. அக்கரு எல்லையைத் தாண்டியதும், ஒரு செக்கனுக்குள் உள்நோக்கி இடிந்து விழுகின்றது. நடுவிலே நியூத்திரன் விண்மீன் ஒன்று எஞ்ச, புறப்பகுதி வெடித்துச் சிதறுகின்றது. நியூத்திரன் விண்மீன் இவ்வாறு பிறக்கக்கூடும் என்பதை 1934 இலேயே பாடே, சுவிக்கி என்னும் இருவர் கூறியிருந்தனர். இரண்டாவது வகையிலே, வெண்குறு விண்மீனொன்று தன் துணை மீனிடமிருந்து பொருளைக் கவர்ந்து அவ்வெல்லையை அணுகும்போது, அதன் உடல் முழுவதும் அணுத்தீப் பற்றி, எதுவும் எஞ்சாது வெடிக்கின்றது. நண்டு நெபுலா முதல் வகை. தைக்கோவின் மீனும் கெப்ளரின் மீனும் இரண்டாம் வகை.

வளி என்னும் திரை

வெடிப்பின் ஒளி ஓரிரு ஆண்டுகளில் மங்கிவிடும். ஆனால் சிதறிய பொருள் செக்கனுக்குப் பல்லாயிரம் கிலோமீற்றர் வேகத்திலே சென்று, விண்மீன்களுக்கிடையே பரந்துள்ள மெல்லிய வாயுவை மோதுகின்றது. மோதலினால் வெப்பநிலை கோடிக்கணக்கான பாகைக்கு உயர்கின்றது. அத்துணை வெப்பமுள்ள வாயு, கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் பார்க்க எக்ஸ்-கதிரையே மிகுதியாக வீசும்; பல்லாயிரம் ஆண்டுகள் வீசிக்கொண்டேயிருக்கும். மேலும் ஒவ்வொரு மூலகமும் தனக்குரிய சக்தியுடைய கதிரையே வெளிவிடுமாதலின், கைரேகையைக் கொண்டு ஆளை அறிவதுபோல, கதிரைக் கொண்டு இது சிலிக்கன், இது கந்தகம், இது இரும்பு என அறியலாம்.

எனினும் ஒரு தடை இருந்தது. 1895 இல் றொன்ற்ஜன் கண்ட எக்ஸ்-கதிர் எம் கையின் சதையை ஊடுருவுவது யாவரும் அறிந்ததே. ஆனால் எம் தலைக்கு மேலுள்ள வளிமண்டலமோ, பாரத்திலே ஏறக்குறைய பத்து மீற்றர் ஆழமுள்ள நீருக்குச் சமம். அதனை வானத்து எக்ஸ்-கதிர் கடந்து வரமாட்டாது. உயிர்களுக்கு அது காப்பு. வானியலார்க்கோ அது திரை. திரைக்கு மேலே சென்றாலன்றிக் காட்சி கிட்டாது.

இரண்டாம் உலகப் போரிலே நகரங்களை அழிக்கச் செய்யப்பட்ட ஜேர்மானிய வி-2 றொக்கற்றுகள் போரின் பின் அமெரிக்கர் கைக்கு வந்தன. 1949 இல் ஹேபேட் பிறீட்மன் குழுவினர் அவற்றிலொன்றிலே கருவியை வைத்து அனுப்பி, சூரியன் எக்ஸ்-கதிர் வீசுவதைக் கண்டனர். அழிவுக்கென ஆக்கியது அறிவுக்குப் பயன்பட்டது.

1962 ஆம் ஆண்டு யூன் 18 ஆந் திகதி இரவு, நியூ மெக்சிக்கோ பாலைவனத்திலிருந்து சிறிய றொக்கற் ஒன்று எழுந்தது. அதனை அனுப்பியவர்கள் இத்தாலியிலே பிறந்த றிக்காடோ ஜக்கோனியும் அவர் குழுவினரும். சந்திரனிலிருந்து எக்ஸ்-கதிர் வருகின்றதா என்று பார்ப்பதே அவர்தம் வெளிப்படையான நோக்கம். வளிமண்டலத்துக்கு மேலே அக்கருவி நின்றது ஏறக்குறைய ஆறு நிமிடமே. அதற்குள், சந்திரனிலிருந்தன்று, விருச்சிக இராசிப் பக்கமிருந்து, எவரும் எதிர்பாராத வலிமையோடு எக்ஸ்-கதிர் வந்தது. எக்ஸ்-கதிர் வானியல் என்னும் புதுத் துறை அந்த ஆறு நிமிடத்திலே பிறந்தது.

அடுத்த ஆண்டிலே நண்டு நெபுலாவிலிருந்தும் எக்ஸ்-கதிர் வருவது தெரியவந்தது. அது நடுவிலுள்ள நியூத்திரன் விண்மீனிலிருந்து வருகின்றதா, முகில் முழுவதிலுமிருந்து வருகின்றதா? அக்காலக் கருவிகளுக்கு இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கும் கூர்மை இல்லை. பிறீட்மன் சந்திரனையே கருவியாக்கினார். பல ஆண்டுகளுக்கு ஒரு முறை சந்திரன் நண்டு நெபுலாவுக்குக் குறுக்கே செல்வதுண்டு. கதிர் ஒரு புள்ளியிலிருந்து வருமாயின், சந்திரன் மறைத்த கணத்திலே விளக்கை அணைத்தாற்போல நின்றுவிடும். முகிலிலிருந்து வருமாயின், மெல்ல மெல்லக் குறையும். 1964 யூலை 7 ஆந் திகதி, ஐந்து நிமிடமே மேலே நிற்கக்கூடிய றொக்கற்றைச் சரியான கணத்திலே செலுத்தினர். கதிர் மெல்ல மெல்லக் குறைந்தது. ஏறக்குறைய ஓர் ஒளியாண்டு அகலமுள்ள பகுதியிலிருந்தே அது வந்ததெனத் தெளிவாயிற்று. 1968 இலே, நடுவிலே செக்கனுக்கு முப்பது முறை சுழலும் நியூத்திரன் விண்மீனும் கண்டுபிடிக்கப்பட்டது. அது தன் சுழற்சியின் சக்தியை இலத்திரன்களுக்கு ஊட்ட, அவையே முகில் முழுவதும் பரந்து ஒளி வீசுகின்றன. அதைத்தான் 1964 இன் சந்திர மறைப்பு எமக்குக் காட்டியது.

சுதந்திரம் என்னும் செயற்கைக்கோள்

றொக்கற்றினால் நிமிடக்கணக்கிலேயே வானைக் காணமுடியும். நிலையாகச் சுற்றும் செயற்கைக்கோள் வேண்டுமென்று ஜக்கோனி முயன்றார். 1970 ஆம் ஆண்டு டிசெம்பர் 12 ஆந் திகதி, கெனியா நாட்டுக் கரைக்கு அப்பால், கடலிலே நிறுத்தப்பட்ட இத்தாலியரின் மேடையிலிருந்து முதலாவது எக்ஸ்-கதிர்ச் செயற்கைக்கோள் செலுத்தப்பட்டது. அன்று கெனியாவின் ஏழாவது சுதந்திர தினம். அவ்வேலைத் திட்டத்தின் தலைவியாயிருந்த மாஜறி ரவுன்சென்ட் அம்மையார் அதற்கு உகுறு எனப் பெயரிட்டார். சுவாகிலி மொழியிலே சுதந்திரம் என்பது அதன் பொருள். அந்நியராட்சியிலிருந்து விடுபட்ட நாடுகளில் வாழும் எம்போன்றோர்க்கு அப்பெயர் தனி இன்பந் தருவதாகும். உகுறு 1973 வரை உழைத்து, 339 எக்ஸ்-கதிர் மூலங்களை அட்டவணைப்படுத்தியது. தைக்கோவின் மீன் எச்சமும் காசியோப்பியாவிலுள்ள மற்றோர் எச்சமும் அவற்றுட் சேர்ந்தவை.

ஆயினும் உகுறு படம் எடுக்கமாட்டாது. எக்ஸ்-கதிரைப் படமாகக் குவிப்பது எளிதன்று. சாதாரண ஆடியை நேரே நோக்கி வந்தால் அக்கதிர் தெறிக்காது உட்புகுந்துவிடும். குளக்கரையிலே ஓட்டுச் சில்லெறிந்து விளையாடாத பிள்ளை எம்மூரிலே உண்டோ? செங்குத்தாக எறிந்த சில்லு நீருள் ஆழ்ந்துபோகும்; நீர்மட்டத்தோடு ஒட்டி எறிந்த சில்லோ தத்தித் தத்திச் செல்லும். எக்ஸ்-கதிரும் அத்தகையதே. ஆடியின் மேற்பரப்பை உரசுவதுபோல மிகச் சரிவாக வந்தால் அது தெறிக்கும். ஆதலின் இத்தொலைகாட்டியின் ஆடிகள் தட்டுப் போலன்றி, வாய் அகன்ற குழாய்கள் போல, ஒன்றனுள் ஒன்றாக அமைந்திருக்கும். இவ்வமைப்பை 1952 இல் ஹான்ஸ் வோல்ற்றர் என்னும் ஜேர்மானியர் வகுத்தார். அவர் எண்ணியது நுணுக்குக்காட்டிக்காக. 1960 இல் அதனை வானுக்குத் திருப்பலாமென எடுத்துக்காட்டியோர் ஜக்கோனியும் புறூனோ றொசியும்.

1978 நவம்பர் 13 ஆந் திகதி ஏவப்பட்ட ஐன்ஸ்டைன் என்னும் தொலைகாட்டி வெடியெச்சங்களின் எக்ஸ்-கதிர்ப் படங்களை முதன்முறையாகத் தெளிவாகக் காட்டியது. தைக்கோ தம் வெறுங்கண்ணால் ஒரு புள்ளியாகக் கண்ட மீன், நானூறு ஆண்டுகளின் பின் ஒளிரும் ஒரு கோளமாகக் காட்சி தந்தது. 1990 இல் ஜேர்மனியர் முன்னின்று அனுப்பிய றோசாற் வானம் முழுவதையும் எக்ஸ்-கதிரிலே படமாக்கியது. 1993 இல் யப்பானியர் அனுப்பிய அஸ்கா, 1006 ஆம் ஆண்டிலே தோன்றிய வெடிமீனின் எச்சத்தை ஆராய்ந்தது. அதன் விளிம்புகளிலிருந்து வந்த கதிர் வெப்பத்தினால் உண்டானதன்று, ஒளியின் வேகத்தை அண்மித்து ஓடும் இலத்திரன்களால் உண்டானது என்பதை 1995 இலே வெளியிட்டனர். எப்பொழுதும் பூமியின்மேற் பொழிந்துகொண்டிருக்கும் அண்டக் கதிர்கள் எங்கே பிறக்கின்றன என்ற பழைய வினாவுக்கு அது பெரியதொரு சான்றாயிற்று.

சந்திரா

ஐன்ஸ்டைன் ஏவப்படுவதற்கு முன்னரே, 1976 இல், ஜக்கோனியும் அவருடைய தோழர் ஹார்வி ரனன்போமும் அதனினும் பெரிய தொலைகாட்டியொன்றை முன்மொழிந்தனர். செலவு மிகுதி என்று 1992 இல் திட்டம் சுருக்கப்பட்டது. ஆறு சோடி ஆடிகள் நான்காகக் குறைக்கப்பட்டன. முன்மொழிவுக்கும் ஏவுதலுக்கும் இடையே இருபத்துமூன்று ஆண்டுகள் சென்றன. தொலைகாட்டிக்குப் பெயரிட உலகெங்குமிருந்து ஆலோசனை கேட்டபோது, ஆறாயிரத்துக்கு மேற்பட்ட விடைகள் வந்தன. ஒரு பாடசாலை மாணவரும் ஓர் ஆசிரியரும் அனுப்பிய பெயரே தேர்ந்தெடுக்கப்பட்டது. அப்பெயர் சந்திரா, 1995 இல் மறைந்த சந்திரசேகரை நண்பர் அழைத்த பெயர்.

1999 ஆம் ஆண்டு யூலை 23 ஆந் திகதி, எயிலீன் கொலின்ஸ் அம்மையார் தலைமை தாங்கிய கொலம்பியா விண்ணோடம் அதனைச் சுமந்து சென்றது. விண்ணோடமொன்றுக்குப் பெண்ணொருவர் தலைமை தாங்கியது அதுவே முதன்முறை. சந்திராவின் பார்வை அரை விகலை நுட்பமுடையது. நான்கு கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஒரு சென்ரிமீற்றர் அகலத்தை வேறுபடுத்திக் காணும் கூர்மை அது.

ஏட்டிலே எழுதத் தொடங்குபவர் முதலிற் பிள்ளையார் சுழி இடுவர். எக்ஸ்-கதிர் வானியலார்க்கோ காசியோப்பியா-ஏ என்னும் வெடியெச்சமே பிள்ளையார் சுழி என்னலாம். 1999 ஓகஸ்ட் 26 ஆந் திகதி உலகுக்கு வெளியிடப்பட்ட சந்திராவின் முதற் படங்களில் அதுவே தலைமையானது. பதினோராயிரம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அந்த எச்சத்தின் வெடிப்பொளி பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பூமியை வந்தடைந்திருத்தல் வேண்டும். அதன் நட்டநடுவில், அதுவரை எவரும் காணாத ஒரு சிறு புள்ளி படத்திலே தெரிந்தது. அதுவே இடிந்து விழுந்த கருவின் எச்சமான நியூத்திரன் விண்மீன். பத்தொன்பது வயது இளைஞன் கப்பலிலே கண்ட எல்லையைத் தாண்டிய கருவை, அவர் பெயர் தாங்கிய தொலைகாட்டியே தன் முதற் பார்வையிற் கண்டது. இதனினும் பொருத்தமான நிகழ்ச்சி வரலாற்றிலே அரிது.

மேலும் ஆராய்ந்தபோது வேறோர் உண்மையும் வெளிப்பட்டது. மீன் வாழ்ந்த காலத்திலே இரும்பு நடுவிலும் சிலிக்கன் அதற்கு வெளியிலும் அடுக்கடுக்காக இருந்திருத்தல் வேண்டும். எச்சத்தின் ஒரு பகுதியிலோ இரும்பு வெளியேயும் சிலிக்கன் உள்ளேயும் கிடந்தன. ஆதலின் வெடிப்பு பந்து விரிவதுபோல ஒழுங்காக நிகழவில்லை. உள்ளிருந்தது புறம் பாய்ந்து கொந்தளித்தே நிகழ்ந்தது. 2012 இல் ஏவப்பட்ட நூஸ்டார் தொலைகாட்டி, ஏறக்குறைய அறுபது ஆண்டு அரைவாழ்வுக் காலமுடைய கதிர்த்தொழிற்பாட்டுத் தைத்தேனியத்தைத் தேடி, அதுவும் ஒரு பக்கம் சாய்ந்து கிடப்பதைக் காட்டியது. 2017 இல் வெளியான மதிப்பீட்டின்படி, காசியோப்பியா-ஏயிலுள்ள இரும்பு எழுபதாயிரம் பூமிகளின் திணிவுடையது. ஒட்சிசனோ பத்து இலட்சம் பூமிகளின் திணிவுடையது. ஒரு மீனின் மரணத்திலே இத்துணை உலகங்களுக்கு வேண்டிய பொருள் அடங்கியிருந்தது.

இழப்பும் மீட்சியும்

இவ்வரலாறு வெற்றிகளால் மட்டும் ஆனதன்று. யப்பானியர் பல ஆண்டுகளாக, முழுப் பூச்சியத்துக்கு மிக அண்மையான குளிரிலே இயங்கி, எக்ஸ்-கதிரின் சக்தியை நுட்பமாக அளக்கும் கருவியொன்றை அமைத்தனர். அதனைத் தாங்கிய கிற்றொமி 2016 பெப்ரவரி 17 இல் மேலே சென்றது. மார்ச் 26 ஆந் திகதி, கட்டுப்பாட்டுப் பிழைகளால் அது கட்டுக்கடங்காது சுழன்று உடைந்தது. ஐந்து வாரங்களே அது வாழ்ந்தது. அவர்கள் நேர்ந்த பிழையை மறையாது ஆராய்ந்து வெளியிட்டு, மீண்டும் தொடங்கினர். 2023 செப்டெம்பரிலே கிறிசம் என்னும் செயற்கைக்கோள் தனேகாசிமாவிலிருந்து எழுந்தது. கருவியின் முன்னுள்ள காப்புக் கதவு திறவாத நிலையிலும், 2024 சனவரியிலே பெரிய மகலன் முகிலிலுள்ள என்-132-டி என்னும் வெடியெச்சத்தின் அளவீடுகளை அது வழங்கியது. சிலிக்கன், கந்தகம், ஆகன், கல்சியம், இரும்பு ஆகியவற்றின் கோடுகள் அதிலே தனித்தனியாகத் தெரிந்தன.

அயல்நாடான இந்தியாவும் இத்துறையிலே கால் வைத்துள்ளது. 2015 செப்டெம்பர் 28 இல் அஸ்ரோசாற்றும், 2024 சனவரி முதலாந் திகதி எக்ஸ்போசாற்றும் சிறீகரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்டன. எக்ஸ்போசாற்றின் கருவியொன்று தன் முதல் அளவீட்டுக்குத் தேர்ந்ததும் காசியோப்பியா-ஏயையே. அதே 2024 இல் சந்திராவுக்கான பணத்தைப் பெரிதும் குறைக்கும் முன்மொழிவு அமெரிக்காவில் எழுந்தபோது, பல நாட்டு வானியலாரும் அதனை எதிர்த்துக் குரலெழுப்பினர். அறிவுக் கருவிகளும் நிலையற்றனவே; காப்பார் இருந்தாலன்றி அவை நில்லா.

நாம் கொள்ளத்தக்கது

இவ்வரலாற்றிலிருந்து எம் சங்கத்தினர் கொள்ளத்தக்கது யாது? எம்மிடையே இரு சாரார் உளர். ஒரு சாரார், இவையெல்லாம் எம் முன்னோர் ஏடுகளில் முன்னரே உள்ளன என்பர். மற்றொரு சாரார், எம் ஏடுகளிலே ஒன்றுமே இல்லை என்பர். இருவரும் ஏட்டைத் திறந்து பார்ப்பதில்லை. வானையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஆக்கமும் அழிவும் ஒரே கூத்தின் இரு அடிகள் என்பதை ஆடவல்லான் திருவுருவிலே எம் முன்னோர் கண்டனர். அது மெய்ஞ்ஞானம், போற்றுதற்குரியது. ஆனால் எக்ஸ்-கதிரை அவர்கள் கண்டனர் என்று நாம் கூறினால், அவர்களுக்குப் பெருமை சேர்த்தவர்களாக மாட்டோம். உழைத்துக் கண்டவர்களுக்குரிய பங்கைப் பறித்தவர்களாவோம். முன்னோர்க்கு நாம் செய்யும் மரியாதை, அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து உழைப்பதேயாம்.

பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். எடிங்டன் அறிவிலே குறைந்தவரல்லர். இளைஞனின் சொல்லுக்குச் செவி கொடுக்கப் பொறுமை காணாதிருந்தார், அவ்வளவே. அந்த ஒரு நாளின் நகைப்பு ஓர் உண்மையைப் பல ஆண்டுகள் பின்தள்ளியது. உங்கள் வீட்டுப் பிள்ளை வழக்கத்துக்கு மாறாக ஒன்று கூறினால், கடிந்துரைக்குமுன் அவன் கணக்கை ஒருமுறை பாருங்கள்.

இளைஞர்க்கும் ஒரு சொல். நகைக்கப்பட்டவர் எல்லாரும் சந்திரசேகர் ஆகிவிடமாட்டார். அவருடைய கணக்கு சரியாயிருந்தது. அதனினும் மேலாக, தம்மை நகைத்தவரையும் மதிக்கும் பண்பு அவரிடம் இருந்தது. சரியான கணக்கையும் மரியாதையையும் ஒருங்கே கைக்கொள்ளுதல் எளிதன்று. எனினும் எம் சமயம் எம்மிடம் எதிர்பார்ப்பது அதனையே என நாம் நம்புகின்றோம்.

இன்றிரவு வானந் தெளிவாயிருப்பின், உரோகிணி மீனைத் தேடி, அதன் கிழக்கே சிறிது நோக்குங்கள். அங்கே வெறுங்கண்ணுக்கு ஒன்றுந் தெரியாது. ஆயினும் பகலிலே ஒளிர்ந்த மீனொன்றின் எச்சம் அங்கே விரிந்துகொண்டேயிருக்கின்றது. அதன் நடுவிலே ஒரு சிறு கரு செக்கனுக்கு முப்பது முறை சுழன்றுகொண்டேயிருக்கின்றது. அதனை எமக்கு அறிவித்தோர், கண்டதைக் கண்டவாறே எழுதிவைத்த மனிதர். நாமும் கண்டதைக் கண்டவாறே எழுதப் பழகுவோமாக.